எட்டாவது எண்ணிக்கைக்குள்

கான்ட்ரா நடனத்தில் ஒரு காலர் நன்றாக வேலை செய்தாரா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் அவரால் வாயை மூட முடிந்தது? மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஆடுபவர்களுக்குச் சொல்வதுதான் காலரின் வேலை. சொல்வதற்குத்தான் காசு. ஆனால் இசை தொடங்கி மூன்று நான்கு நிமிடம் ஆன பிறகும் அவர் முழு வாக்கியங்களாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றால், எங்கேயோ முன்னாடியே சறுக்கிவிட்டது என்று அர்த்தம். நடனத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கலாம், சொல்லிக்கொடுத்ததில் இருக்கலாம்.

நான் இருப்பது மாசசூசெட்ஸின் மேற்குப் பகுதியில். வார நாட்களில் வேறு வேலை, வாரக் கடைசி இரவுகளில் இது. இந்த நடனத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. கிரீன்ஃபீல்டில் கைடிங் ஸ்டார் கிரேஞ்ச் என்று விவசாயிகள் சங்கத்தின் பழைய கூடம் ஒன்று உண்டு. அதன் மரத்தரையில் ஆடுவதற்காகவே தூரத்து ஊர்களிலிருந்து காரோட்டி வருகிறார்கள். வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில் நெல்சன் என்ற சின்ன ஊரில் திங்கட்கிழமை இரவுகளில் ஊர் மன்றத்தில் ஆடுவார்கள். ஜோடியோடு வர வேண்டும் என்று கட்டாயமில்லை, தனி உடுப்பு கிடையாது. ஒவ்வொரு நடனத்துக்கும் வேறு ஒருவரைக் கேட்டு ஆடுவதுதான் வழக்கம்.

பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது நியூ இங்கிலாந்துப் பகுதியின் நாட்டுப்புற நடனம். 1651-ல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு என்ற பதிப்பாளர் அச்சிட்ட நடனங்களில் இதன் மூதாதையரைப் பார்க்கலாம். ஆடுபவர்கள் கூடத்தின் நீளத்துக்கு இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். மேடைப் பக்கத்திலிருந்து தொடங்கி நான்கு நான்கு பேராகக் கை கோர்க்கச் சொல்வோம். நால்வரும் சேர்ந்து ஒரு சுற்று ஆடி முடிக்கும்போது ஒரு ஜோடி வரிசையில் ஓரிடம் கீழே இறங்கியிருக்கும், மற்ற ஜோடி மேலே ஏறியிருக்கும் (மேடைப் பக்கம் மேல், எதிர்ப்பக்கம் கீழ்). அடுத்த சுற்றில் அதே நடனம், புது ஆட்கள். பத்து நிமிடத்தில் வரிசையில் இருக்கும் பெரும்பாலானோருடன் ஒரு முறையாவது கை பிடித்து ஆடிவிடலாம்.

இசை அநேகமாக எப்போதும் நேரடிதான். பிடில், பியானோ, சில இரவு அக்கார்டியன், மாண்டலின். மெட்டுக்கு இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 16 எண்ணிக்கை, இரண்டையும் இரண்டிரண்டு முறை வாசிப்பார்கள். ஆக ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை. கொஞ்சம் முன்னே பின்னே அரை நிமிடம். காலரின் அட்டையில் முதல் பகுதிக்கு ஏ1, ஏ2, இரண்டாவதற்கு பி1, பி2 என்று நான்கு வரி இருக்கும், அவ்வளவுதான் மொத்த நடனமும்.

என் பெட்டியில் அடிக்கடி வெளியே வரும் அட்டை ஜீன் ஹூபர்ட் அமைத்த ‘தி நைஸ் காம்பினேஷன்’. ஏ1: பக்கத்து ஜோடியில் எதிரே வருபவருடன் பேலன்ஸ் (கைபிடித்து முன்னும் பின்னும் அசைவது), ஸ்விங் (இருவரும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழல்வது), 16 எண்ணிக்கை. ஏ2: நான்கு பேரும் ஒரே வரிசையாகக் கூடத்தின் கீழ்ப்பக்கம் நடந்து, திரும்பி, மேலே வந்து வட்டமாக மடிவது, இதுவும் 16. பி1: இடப்பக்கமாக முக்கால் வட்டம் 8, தன் ஜோடியுடன் ஸ்விங் 8. பி2: செயின் (ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் வலக்கை கொடுத்து எதிர்ப்பக்கம் கடந்து போவது) 8, இடக்கை ஸ்டார் (நால்வரும் நடுவில் இடக்கை சேர்த்துச் சுற்றுவது) 8. ஸ்டார் முடியும்போது புது ஆள் முகத்துக்கு நேரே வந்து நிற்பார். புதியவர்கள் நிறைந்த கூடத்துக்கு இதைவிட நல்ல நடனம் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொரு அசைவும் உடம்பை அடுத்த அசைவின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. முக்கால் வட்டம் சுற்றி வரும் வேகத்திலேயே உங்கள் ஜோடி பக்கத்தில் இருப்பார், கையை நீட்டினால் ஸ்விங். இந்த மாதிரி நடனத்தில் காலர் பாதி வேலையை நடனத்திடமே விட்டுவிடலாம்.

இப்போது தொழிலின் மையத்துக்கு வருகிறேன். வட்டம் முதல் எண்ணிக்கையில் தொடங்க வேண்டும் என்றால், ‘சர்க்கிள் லெஃப்ட்’ என்று முதல் எண்ணிக்கையில் சொல்லக் கூடாது. அது ஆடுபவர் காதில் விழுந்து, மண்டையில் ஏறி, காலுக்குப் போவதற்குள் இரண்டு மூன்று எண்ணிக்கை போய்விடும். முந்தைய அசைவின் கடைசி நான்கு எண்ணிக்கையில் சொல்லி முடித்துவிட வேண்டும். சின்ன வயதில் பாட்டு வகுப்பில் தொடையில் போட்ட ஆதி தாளம் எனக்கு இங்கேதான் கைகொடுத்தது. முதலில் தட்டு, அப்புறம் மூன்று விரல், அதுவரை வாய் திறக்கக் கூடாது. ஐந்தாவதில் கை மறுபடி தட்டும்போது பேசத் தொடங்கு, எட்டாவது வீச்சுக்குள் முடி. இன்றும் மேடையில் என் இடக்கை அட்டைக்குப் பின்னால் தாளம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பியானோக்காரர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, இது ஏதாவது ரகசியச் சைகையா என்று கேட்டார்.

தாமதமாகச் சொன்னால் என்ன ஆகிவிடும்? நடனம் நின்றுவிடாது. ஆடுபவர்கள் ஓடிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் அந்த இரண்டு எண்ணிக்கை எங்கேயாவது கழிய வேண்டுமே. பெரும்பாலும் ஸ்விங்கில் கழியும். எட்டு எண்ணிக்கை சுழல வேண்டியவர்கள் ஐந்து எண்ணிக்கையோடு பிரிய வேண்டியதாகிறது. கான்ட்ராவுக்கு வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்விங்குக்காகத்தான் வருகிறார்கள். ஆக, காலர் தாமதமாகச் சொல்வது அவர்களுக்குப் பிடித்த பலகாரத்திலிருந்து ஒரு விள்ளல் பிய்த்துக்கொள்வதுதான். ஏன் இன்றைக்கு இவ்வளவு அவசரமாக இருந்தது என்று அவர்களுக்கே புரியாது. பேண்டு வேகமாக வாசித்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த நேரக்கணக்கு இருப்பதால் ஒரு அசைவின் பெயர் எவ்வளவு நீளம் என்பதுகூட நமக்குக் கவலைதான். பல இடங்களில் இப்போது ஜென்ட்ஸ், லேடீஸ் என்று சொல்வதில்லை. அதற்குப் பதில் பறவைப் பெயர்களில் லார்க்ஸ், ராபின்ஸ் என்கிறோம். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்திலும் ஆடலாம், ஸ்விங் முடியும்போது லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம். லேடீஸ் இருந்த இடத்தில் ராபின்ஸ் அலுங்காமல் உட்கார்ந்துகொள்வதால் பழைய அட்டைகளின் தாளம் கெடவில்லை. ஆனால் இருவர் கை படாமல் கண்ணைப் பார்த்தபடி ஒருவரையொருவர் சுற்றிவரும் அசைவு ஒன்று இருக்கிறது. அதன் பழைய பெயர் ஓர் இனத்தாரைக் குறிக்கும் வசையாகவும் வழங்கியதால் அதை விட்டுவிட்டோம். விட்டதில் எனக்கு முழுச் சம்மதம். புதிதாக வந்த ‘ரைட் ஷோல்டர் ரவுண்ட்’ இரண்டு மடங்கு நீளம், அரை மூச்சு முன்கூட்டியே தொடங்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் பயிற்சி எடுப்பது சாப்பாட்டு மேஜையில்தான். உப்பு டப்பா, மிளகு டப்பா ஒரு ஜோடி. மஞ்சள் தூள் டப்பா, பெருங்காய டப்பா இன்னொரு ஜோடி. பதிவு செய்த ரீல் மெட்டு ஒன்றை ஓட விட்டு, டப்பாக்களை நகர்த்தியபடி சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். “சாம்பார் ஆறுது, பெருங்காயம் யாரோட போகணுமோ சீக்கிரம் அனுப்பிட்டு வா” என்பார் கணவர். கிண்டலாகத் தெரியும், ஆனால் டப்பாக்கள் முக்கியம். காகிதத்தில் சரியாக இருக்கும் நடனம் மேஜையில் வைத்துப் பார்த்தால்தான் பெருங்காயம் வலக்கையைக் கொடுக்க வேண்டிய இடத்தில் அதன் இடக்கை மட்டுமே சும்மா இருப்பது தெரியும். தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லத் தயாராகிவிடலாம்.

நடனத்துக்கு முன் இசையில்லாமல் ஒருமுறை, தேவைப்பட்டால் இரண்டு முறை நடத்திக் காட்டுவதை வாக்த்ரூ என்போம். ஒரு காலரின் தரம் தெரிவது இங்கேதான் என்பேன். நிறையப் பேர் இங்கே விளக்கம் கொடுக்கிறார்கள். விளக்கம் யாருக்கும் வேண்டாம். நின்றுகொண்டிருக்கும் எண்பது பேரில் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் நகரத் துடித்துக்கொண்டிருப்பார்கள். நான் பின்பற்றும் வரிசை இது: முதலில் யார், அப்புறம் எந்தக் கை, அப்புறம் என்ன, கடைசியில் எங்கே போய் நிற்பீர்கள். அந்தக் கடைசித் துண்டுதான் தங்கம். செயின் எப்படிச் செய்வது என்று பாதி புரிந்தவர்கூட, ‘முடியும்போது உங்கள் ஜோடி வரிசையின் அந்தப் பக்கம் இருப்பார்’ என்று கேட்டுவிட்டால் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார். ‘இப்படிச் செய்யாதீர்கள்’ என்ற வாக்கியத்தை மட்டும் தவிர்க்கிறேன். சொன்னால் அதைத்தான் செய்வார்கள்.

வரிசையின் முனைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மேலே ஏறிக்கொண்டே போகும் ஜோடி ஒரு கட்டத்தில் முனைக்கு வரும், அவர்களோடு ஆட ஆள் இருக்காது. ஒரு சுற்று சும்மா நின்று, தங்களுக்குள் இடம் மாறி, எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். நின்றுகொண்டிருக்கும்போது ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறவர்களும் உண்டு. அதனால் இசை ஓடும்போது என் கண் நடுவரிசையில் இருப்பதில்லை, மேடைக்கு எட்டாத கீழ் முனையில்தான். அங்கே சிக்கல் விழுந்தால் அது ஜோடி ஜோடியாக மேலே ஏறி வரும். ஒருவர் தப்பான கையை நீட்டுகிறார் என்றால் அவரைத் திருத்துவதில் பயனில்லை, அந்தச் சுற்று போயிற்று. அடுத்த சுற்றில் அதே இடம் வரும்போது கையின் பெயரை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் போதும்.

முதல் சில சுற்று முழுதாகச் சொல்வேன். அப்புறம் ‘சர்க்கிள்’, ‘ஸ்விங்’ என்று ஒற்றைச் சொல். அப்புறம் குழப்பம் வரும் இடத்தில் மட்டும். அப்புறம் ஒன்றுமில்லை. மைக்கைக் கீழே இறக்கியதும் பேண்டு மாறுவதைக் கேட்கலாம், அதுவரை என் குரலுக்கு இடம்விட்டு வாசித்த பிடில் கையைத் தூக்கிப் பாயும். கூடத்தில் யாராவது ஒருவர் ஊளையிடுவார். புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் பயந்துபோய், சும்மா நிற்பதா என்று ஏதாவது வேடிக்கைப் பேச்சு சொல்லத் தொடங்குகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. நான்கு ஜோடி சதுரமாக நின்று ஆடும் ஸ்கொயர் நடனத்தில் அதற்கென்று ஒரு மரபே இருக்கிறது, அழகாகவும் இருக்கும். கான்ட்ராவில் பாட்டின் மேல் பேசுவதாகத்தான் படும்.

சும்மா நிற்கும் நேரத்திலும் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். பேண்டு இரண்டு மூன்று மெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து வாசிப்பார்கள். எப்போது முடிக்கப் போகிறேன் என்று மூன்று நான்கு சுற்றுக்கு முன்பே விரல் காட்டாவிட்டால், புது மெட்டுக்கு மாறி ஒருமுறை வாசிப்பதற்குள் நிறுத்த வேண்டியதாகிவிடும். அது அவர்களுக்கு அவமானம் மாதிரி. பேண்டுக்காரர்கள் காலரை எடைபோடுவது இதை வைத்துத்தான். நடனத்தில் பேலன்ஸ் நிறைய இருந்தால் காலை உதைத்து மிதிக்கிற மாதிரி மெட்டு வேண்டும் என்று அட்டையைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. எந்த மெட்டு என்று சொல்லாமல் இருப்பது அதைவிட நல்லது.

நியூ ஹாம்ப்ஷயரின் ரால்ஃப் பேஜ் காலத்திலிருந்து இந்த வேலை நிறைய மாறிவிட்டது. 1903-ல் பிறந்தவர், அரை நூற்றாண்டுக்கு மேல் காலராக இருந்தவர். பழைய நடனங்களைத் திரட்டி வெளியிட 1949 முதல் ஒரு சிறு பத்திரிகையும் நடத்தினார். அவர் சொன்ன பழைய நடனங்கள் பலவற்றில் முதல் ஜோடிதான் ஓடி ஆடும், இரண்டாவது ஜோடி பெரும்பாலும் நின்று பார்க்கும், தங்கள் முறை வரும்வரை. பின்னால் டெட் சனெல்லா போன்றவர்கள் அமைத்த நடனங்களில் எல்லோருக்கும் எப்போதும் வேலை, எல்லோருக்கும் ஸ்விங். கூட்டத்துக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. என்றாலும் இரவுக்கு ஒரு பழைய நடனமாவது வைக்க முயல்கிறேன். நின்று பார்க்கும்போதுதான் பேண்டு என்ன வாசிக்கிறது என்று காதில் விழுகிறது. முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கல்யாண வீட்டு நடனம் வேறு தொழில். அங்கே இருநூறு பேரில் ஆடத் தெரிந்தவர் ஐந்து பேர் இருப்பார்கள், அந்த ஐந்தில் ஒருவர் மணமகள். மேலே சொன்ன அட்டை எதுவும் அங்கே செல்லாது. பெரிய வட்டமாக ஆடும் சர்க்காசியன் சர்க்கிள், நீள வரிசையில் வர்ஜீனியா ரீல், இரண்டு மூன்று எளிய வட்ட நடனங்கள், போதும். ஸ்விங் சொல்லிக்கொடுக்கவே மாட்டேன், முழங்கை கோர்த்துச் சுற்றினால் சரி. பள்ளிகளிலும் ஊர்க் கூடங்களிலும் இப்படிப்பட்ட எளிய நடனங்களை வைத்தே தலைமுறைகளை ஆட வைத்த டட்லி லாஃப்மனுக்கு 2009-ல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது கிடைத்தது. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே சொல்லிப் பழகிய காலர்கள் இதைக் கொஞ்சம் மட்டமாக நினைப்பதுண்டு. அவர்களை ஒருநாள் சம்பந்தி வீட்டுப் பெரியப்பாவையும் ஆறு வயதுக் குழந்தையையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து ஆட்டச் சொல்ல வேண்டும். வழக்கமான இரவுகளில் வாடகையும் ஒலிபெருக்கிச் செலவும் போக வாசலில் சேர்ந்த காசை நானும் பேண்டும் பங்கு போட்டுக்கொள்வோம், பெட்ரோலுக்குக் கட்டும். கல்யாணத்துக்கு மட்டும் தொகையை முன்னாடியே பேசிவிடுகிறேன், கொஞ்சம் அதிகமாகவே. அது நடனத்துக்கு அல்ல. மாப்பிள்ளையின் நண்பர்கள் பேசி முடிக்கும்வரை பேண்டோடு சேர்ந்து சமையலறைப் பக்கம் காத்திருப்பதற்கு.