ஈடி 45-லிருந்து 40-க்கு: செடானில் வேறு ஆஃப்செட் அலாய் போட்ட கணக்கு

காருக்கு அலாய் வீல் வாங்கப் போனால் முதலில் கண்ணில் படுவது டிசைன், அடுத்தது 16 அங்குலமா 17 அங்குலமா என்பது. அந்த ரிம் காரில் உரசாமல் ஓடுமா என்பதை முடிவு செய்வது இவை இரண்டுமே இல்லை. ரிம்மின் பின்பக்கம், ஆரங்களுக்கு இடையில் வார்ப்பிலேயே பதித்திருக்கும் அகலமும் ஆஃப்செட்டும்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு முன்னால் வீட்டு வாசலில் ஒரு ஸ்கேலோடு அரை மணி நேரம் செலவழித்தால், தப்பான ரிம்மை வீட்டுக்கே கொண்டு வர வேண்டியிருக்காது.

கார் ஒரு ஹோண்டா செடான். பழைய ரிம் 15 அங்குலம், 5.5 ஜே (அதாவது 5.5 அங்குல) அகலம், ஆஃப்செட் ஈடி 45. டயர் 175/65 ஆர்15, அதாவது 175 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், 15 அங்குல ரிம். நான்கு நட், பிசிடி (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., சென்டர் போர் (நடு ஓட்டை) 56.1 மி.மீ., ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) எம்12, அதாவது 12 மி.மீ. விட்டம், பிட்ச் (மரை இடைவெளி) 1.5 மி.மீ. இந்த எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே மாடலில்கூட வேரியன்ட்டுக்கு வேரியன்ட் ஆஃப்செட் மாறலாம். அதனால் நெட்டில் கிடைக்கும் பட்டியலை விடுத்து, சொந்த ரிம்மைக் கழற்றி அதில் இருப்பதைப் படியுங்கள்.

ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டும் இடம்) உட்காரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட், ரிம்மில் ஈடி என்று இருக்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். அகலம் கூடினால் இரண்டு பக்கமும் பரவும். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கடையில் முதலில் காட்டியது 16 அங்குலம், 7 ஜே, ஈடி 35. "இதப் போட்டா வண்டி கெத்தா நிக்கும்ணே" என்றார் கடைக்காரத் தம்பி. கெத்தாகத்தான் நிற்கும். ஆனால் கணக்கு இப்படி: பழைய ரிம் 139.7 மி.மீ. அகலம், அதில் பாதி 69.85. அதிலிருந்து 45-ஐக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து வெளி விளிம்பு 24.85 மி.மீ. தூரம். 7 ஜே ரிம் 177.8, பாதி 88.9, 35-ஐக் கழித்தால் 53.9. ரிம் 29 மி.மீ. வெளியே வருகிறது. ஈடியைக் கூட்டிப் பார்த்தால் உள்பக்கமும் 9 மி.மீ. சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டை நெருங்குகிறது. அதே கடையில் 6.5 ஜே, ஈடி 40 இருந்தது. அதில் வெளியே 17.7, உள்ளே 7.7 மி.மீ. தான்.

ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகடு) உரசுவது ரிம் அல்ல, டயரின் வயிறு. அதனால் டயரையும் சேர்க்க வேண்டும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும். 175 டயர் 5.5 ஜேயில் சுமார் 180 மி.மீ.; 195/55 ஆர்16 டயர் 6.5 ஜேயில் சுமார் 200. பக்கத்துக்கு 10 மி.மீ. கூடுதல். ஈடி மாறியதால் நடுக்கோடு 5 மி.மீ. வெளியே போகிறது. ஆக வெளிப்பக்கம் 15, உள்பக்கம் 5 மி.மீ. 7 ஜே ரிம்மில் 205/50 போட்டால் வெளிப்பக்கம் 25.

இப்போது காரில் எவ்வளவு இடம் இருக்கிறது? காரைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ஒரு நூலில் லக் நட்டைக் கட்டி ஃபெண்டர் விளிம்பிலிருந்து தொங்க விட்டோம். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போலத்தான். நூலிலிருந்து டயர் வயிறு வரை முன்னால் 22 மி.மீ., பின்னால் 19 மி.மீ. அதில் 15 போனால் 7-ம் 4-ம் மிச்சம். 25 போனால் டயர் 3 மி.மீ., 6 மி.மீ. ஃபெண்டருக்கு வெளியே நிற்கும். குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறி, டிக்கியில் மூட்டையும் வைத்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் பின் ஃபெண்டரின் உள்மடிப்பு டயர் தோளைச் சீவிவிடும். 7 ஜே பேச்சு அத்தோடு முடிந்தது.

வடசென்னைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எண்ணூர் விரைவுச்சாலை, மணலி, மாதவரம் பக்கமெல்லாம் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடி ஓடித் தார் அமுங்கி, சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி கிடக்கிறது. ஆஃப்செட் குறைந்தால் டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டீயரிங் திரும்பும் அச்சை விட்டு இன்னும் வெளியே போகும். அப்போது பள்ளத்தின் ஒவ்வொரு இழுப்பும் ஸ்டீயரிங்கில் கைக்கு வரும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். 5 மி.மீ. மாற்றத்தில் தடம் மேல் ஏறும்போது லேசான இழுப்பு தெரிகிறது, அவ்வளவுதான். 15, 20 என்று குறைத்துவிட்டு, அது போதாமல் ஸ்பேசரும் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு) சேர்ப்பது இந்தச் சாலைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

டயர் உயரத்தையும் பார்த்துவிடுங்கள். 175/65 ஆர்15-இன் மொத்த விட்டம் 608.5 மி.மீ.; 195/55 ஆர்16-க்கு 620.9. 2 சதவீதம் கூடுதல். மீட்டரில் 80 காட்டும்போது முன்பைவிட 1.6 கி.மீ. வேகமாகப் போகிறோம். 205/50 ஆர்16 என்றால் 611.4, பழைய அளவுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அதன் பக்கச்சுவர் 102.5 மி.மீ. தான், 195/55-இல் 107. மழையில் வியாசர்பாடிப் பக்கம் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாது. அங்கே அந்த ஐந்து மி.மீ. ரப்பரும் ரிம்மைக் காப்பாற்றும் என்பதால் 195/55 எடுத்தோம். லோடு இண்டெக்ஸ் 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. பழைய 84-க்கு 500 கிலோ. இது ஒருபோதும் குறையக் கூடாது. ரிம்மிலும் ஜேடபிள்யூஎல் (ஜப்பானிய அலாய் வீல் தர) முத்திரையும் தாங்கும் எடையும் பதிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெல்டிங் வைத்துப் பெயின்ட் அடித்த பழைய ரிம் விலை மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

டயர் ஏற்றிய ரிம்மைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே முதலில் ஒரே ஒரு வெறும் ரிம்மை முன்பக்கம் மாட்டி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் காலிப்பருக்கும் ஆரத்துக்கும் இடையில் குறைந்தது 3 மி.மீ. வேண்டும். பாலன்ஸுக்கு உள்பக்கம் ஒட்டும் ஈயமும் அந்த இடத்தில்தான் வரும் என்பதை மறக்கக் கூடாது. அடுத்து ஒரே ஒரு டயர் மட்டும் ஏற்றி மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்ப வேண்டும். ஃபெண்டர் லைனரில் சுண்ணாம்புக்கட்டியால் தேய்த்துவிட்டு ஆள்களை ஏற்றி ஒரு சுற்றுப் போய் வந்தால், எங்கே தொடுகிறது என்று சுண்ணாம்பு அழிந்த இடமே காட்டிவிடும்.

புது ரிம்மின் நடு ஓட்டை 73.1, ஹப் 56.1. இந்த இடைவெளிக்கு 73.1–56.1 அளவில் ஹப் ரிங் நான்கு வேண்டும். "நட்டே சென்டர் பண்ணிடும்" என்று சொல்லி இதை விட்டுவிடுவார்கள். ஊருக்குள் 40-இல் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஜிஎன்டி ரோட்டில் 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும், பாலன்ஸிங் சரியில்லை என்று திரும்பத் திரும்பக் காசு கொடுத்துக்கொண்டிருப்போம். ரிங் அலுமினியத்திலும் கிடைக்கும், பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடல் காற்று அடிக்கும் இடத்தில் அலுமினிய ரிங் துருப்பிடித்த ஹப்போடு ஒட்டிக்கொண்டு, கழற்றினால் வராது. பிளாஸ்டிக்கே மேல். உப்புக் காற்றுக்காகவே டைமண்ட் கட் ரிம்மையும் (முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கியது) தவிர்த்து, முழுக்கப் பெயின்ட் அடித்ததை எடுத்தோம்.

நட் விஷயத்தில் ஹோண்டாக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கம்பெனி நட்டின் அடி உருண்டை வடிவம். வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும். முறுக்கியபோது இறுக்கமாகத் தெரியும், ஓட ஓடத் தளரும். ஆகவே எம்12, 1.5 பிட்ச் கூம்பு நட் 16 புதிதாக வாங்கினோம். கையால் ஏற்றும்போது குறைந்தது எட்டுச் சுற்று போக வேண்டும். எட்டுச் சுற்று என்றால் 12 மி.மீ. மரை, ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமம்.

மாட்டும் முன் ஹப் முகத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, நடுக் கழுத்தில் மட்டும் காப்பர் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். மரையில் கிரீஸ் படக் கூடாது. பட்டால் அதே டார்க்கில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். எதிரெதிர் நட்டாக, முதலில் 50 நியூட்டன் மீட்டர், பிறகு 108. ஏர் கன்னால் ஒரேயடியாக அடிக்க விடாதீர்கள், டார்க் ரெஞ்சைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி பார்த்தபோது இரண்டு நட் கால் சுற்றுக்கும் குறைவாக ஏறின. புது ரிம்மில் பெயின்ட் அமுங்குவதால் இது வழக்கம்தான்.

ஆஃப்செட் மாறியதால் மட்டும் அலைன்மென்ட் கோணம் மாறாது. கார் ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஒரு ஓரம் தேய்ந்தாலோ மட்டும் செய்தால் போதும். காற்று, கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் குறையக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிம் மாற்றியதை எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ரிம்மின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வளைவு பெரும்பாலும் வெளியே தெரியாத அந்தப் பக்கத்தில்தான் விழும்.

ஸ்டெப்னி பழைய 15 அங்குல இரும்பு ரிம்தான். அதற்குப் புதுக் கூம்பு நட் பொருந்தாது. பழைய உருண்டை நட் நான்கை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னிக் குழியிலேயே வைத்தாயிற்று. புது நட் திறக்கும் சாவியும் ஒல்லி சாக்கெட்டும் அதே பையில். விட்டம் 12 மி.மீ. குறைவு என்பதால் ஸ்டெப்னி பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும்தான், அதுவும் மெதுவாக. முன்சக்கரம் பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் மாட்டி, ஸ்டெப்னியைப் பின்னால் போடுவது நல்லது. வேலை இரட்டிப்புதான், ஆனால் முன்சக்கரங்களுக்கு இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு அந்த வித்தியாசம் போய்ச் சேராது.