கேஸ் மாத்திரையும் கெண்டைக்கால் குரக்களியும்

ராத்திரி 2 மணிக்குக் குரக்களி பிடிக்கும். கெண்டைக்கால் கல்லாகிவிடும். வீட்டுக்காரர் எழுந்து பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடிப்பார். மூன்று மாதம் இப்படியே போனது. அப்புறம் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. ரத்தம் பார்த்ததில் பொட்டாசியம் குறைவு என்றார்கள். சிரப் குடித்தேன், இளநீர் குடித்தேன், ஏறவே இல்லை.

அடுத்துப் பார்த்த டாக்டர் நான் போடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். கேஸ் மாத்திரையான பான்டோபிரசோல் அட்டையைக் காட்டி, "இதை எத்தனை வருஷமா போடுறீங்கம்மா?" என்றார். ஆறு வருஷம், தினமும் வெறும் வயிற்றில். உடனே மெக்னீசியம் பார்க்க எழுதிக் கொடுத்தார். 1.7-க்குக் கீழே போகக்கூடாதது 0.9-இல் நின்றது.

கேழ்வரகு, முருங்கைக்கீரை, எள் எல்லாம் சாப்பிடுகிறவள் நான். எப்படிக் குறையும்? சாப்பாட்டில் உள்ள மெக்னீசியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்ளுமாம். பெரும்பகுதி சிறுகுடலில், மீதி பெருங்குடலில். இந்த வகை மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால், சிலருக்குக் குடல் அதை உள்ளே இழுப்பது மந்தமாகிவிடுகிறது என்று கருதுகிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லேயே இதை எச்சரித்திருக்கிறது. எனக்கு ஆறு வருஷத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொடுத்தேன். அதில் மெக்னீசியம் மிகக் குறைவு. சிறுநீரகம் கிடைத்ததை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது, கோளாறு குடலில்தான் என்று உறுதியானது. மெக்னீசியம் இறங்கினால் பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்குமாம். அத்தனை நாள் குடித்த சிரப் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

மெக்னீசியம் சல்பேட்டை டிரிப்பில் மணிக்கணக்காக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் பாதிவரை சிறுநீரில் போய்விடும் என்றார் நர்ஸ். உடம்பெல்லாம் இதமான சூடு பரவியது. இரண்டு நாளில் ரத்த அளவு சரி. ஆனாலும் டாக்டர் விடவில்லை. உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது, பாதிக்குமேல் எலும்பில், ரத்தத்தில் 1 சதவீதம்கூட இல்லை. உள்ளே காலியானது நிரம்ப வாரக்கணக்காகும் என்று மாத்திரை கொடுத்தார். அது முதலில் பேதியாக்கிவிட்டது. அளவைப் பிரித்து, சாப்பாட்டோடு மூன்று வேளை போட்டதும் நின்றது.

பான்டோபிரசோலை நானாக நிறுத்தவில்லை. டாக்டரே ஃபமோடிடின் என்ற வேறு வகை அமில மாத்திரைக்கு மாற்றினார். இரண்டு மாதம் கழித்து மெக்னீசியம் 1.9. பொட்டாசியமும் சிரப் இல்லாமலே சரியாகியிருந்தது. இப்போது இரண்டு பேரும் விடியும்வரை தூங்குகிறோம்.