சாவியை இழுக்கும் மின்சாரம்

பஹ்ரைனில் அல்பா அலுமினிய ஆலையின் உலை வரிசைக்குள் முதல் தடவை நுழைந்தபோது, பையில் இருந்த சாவிக்கொத்து தானாக ஒரு பக்கம் இழுத்தது. அவ்வளவு மின்சாரம் ஓடுகிறது அங்கே, அதன் காந்தப்புலம்தான் சாவியை இழுக்கிறது! 1971 முதல் இயங்கும் ஆலை. ஒரு டன் அலுமினியம் எடுக்கவே ஏறக்குறைய 14,000 யூனிட் வேண்டும். அதற்காகத்தான் சொந்தமாக எரிவாயு மின் நிலையம். டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியேறும் சூட்டையும் விடுவதில்லை. அதில் நீராவி எடுத்து இன்னொரு டர்பைனை ஓட்டுகிறார்கள்.

சில மணி நேரம் மின்சாரம் நின்றால், 960 டிகிரியில் உருகிக் கிடப்பது உலைத் தொட்டியிலேயே கல்லாக உறைந்துவிடும். அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் கண்ட்ரோல் ரூம் திரையை விட்டுக் கண்ணெடுக்காத அந்த ஆட்கள் மீது எனக்குத் தனி மரியாதை. போட்டு வைத்த டீ பக்கத்திலேயே ஆறிக் கிடக்கும்.