சிம்பிளா, கன்டினியூவஸா? முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிற பலரும் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள். 'நவ்' வந்தால் பிரசென்ட் கன்டினியூவஸ் ('ஐ ஆம் ஈட்டிங்' போல), 'எவ்ரி டே', 'ஆல்வேஸ்' வந்தால் சிம்பிள் பிரசென்ட் ('ஐ ஈட்' போல). எளிய கேள்விகளுக்கு இது போதும். கொஞ்சம் கடினமான கேள்விகளோ இது செல்லாத இடமாகப் பார்த்துத்தான் அமைக்கப்படுகின்றன. நான் தயாரானபோது கைகொடுத்தது வேறு வரிசை: முதலில் வினைச்சொல், அப்புறம் முழு வாக்கியம், கடைசியில்தான் நேரச் சொல்.

வினைச்சொல் ஒரு செயலைச் சொல்கிறதா, ஒரு நிலையைச் சொல்கிறதா? 'நோ', 'பிலாங்', 'நீட்', 'கன்டெய்ன்' எல்லாம் நிலை. அங்கே பாதியில் நிற்கிற வேலை எதுவும் இல்லை. அதனால் பக்கத்தில் 'நவ்' இருந்தாலும் 'ஐ நோ தி ஆன்ஸர் நவ்' என்பதுதான் சரி. 'ஐ ஆம் நோயிங்' வராது.

சில வினைகள் இரண்டு பக்கமும் போகும். அதிக நேரம் செலவிட வேண்டியது இவற்றில்தான். 'ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்' என்பதில் 'ஹேவ்' உறவைக் காட்டுகிறது, அது நிலை. 'ஐ ஆம் ஹேவிங் லன்ச்' என்பதில் அதே சொல் சாப்பிடுகிற செயல். 'ஐ திங்க் யூ ஆர் ரைட்' என் கருத்து. 'ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்' என்றால் யோசனை இன்னும் முடியவில்லை. 'ஹி இஸ் ரூட்' அவர் சுபாவத்தைச் சொல்கிறது, 'ஹி இஸ் பீயிங் ரூட்' இந்த நேரத்து நடத்தையை மட்டும். இப்படி ஜோடி ஜோடியாக எழுதி, பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரியில் குறித்து வைத்தேன். விதியைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட இது பல மடங்கு பயன் தந்தது.

தமிழில் யோசித்து மாற்றுவது இங்கே உதவாது. 'அவன் படிக்கிறான்' என்பது தினசரி வழக்கத்துக்கும் பொருந்தும், இந்த நிமிடத்துக்கும் பொருந்தும்.

செயல் வினைதான் என்று தெரிந்துவிட்டால், அது தற்காலிகமா என்று கேளுங்கள். 'ஐ ஆம் ஸ்டேயிங் வித் மை அங்கிள் அன்டில் ஐ ஃபைண்ட் அ ரூம்' என்ற வாக்கியத்தில் விடை பின்பாதியில் இருக்கிறது. கோடிட்ட இடத்தோடு வாசிப்பை நிறுத்துபவருக்கு அது கண்ணில் படாது. 'அன்டில்', 'வென்', 'இஃப்' ஆகியவற்றுக்குப் பின் எதிர்காலப் பொருளிலும் 'ஃபைண்ட்' போல சிம்பிளே வருவதையும் கவனியுங்கள். 'ஆல்வேஸ்' இருந்தும் கன்டினியூவஸ் வருமா? வரும். 'ஹி இஸ் ஆல்வேஸ் கம்ப்ளெயினிங்' என்றால், எப்போது பார்த்தாலும் குறை சொல்கிறார் என்ற சலிப்பு.

நாளை நடக்கப்போவதற்கும் இரண்டும் வரும். கால அட்டவணை என்றால் சிம்பிள்: 'தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ'. நாமே பேசி வைத்த ஏற்பாடு என்றால் கன்டினியூவஸ்: 'ஐ ஆம் மீட்டிங் ஹெர் டுமாரோ'.

கட்டுரை எழுதும்போது முடிவு செய்ய முடியாவிட்டால் சிம்பிள் பக்கம் சாயுங்கள். ஆங்கில எழுத்தில் கன்டினியூவஸைவிட அதுதான் மிக அதிகம் புழங்குகிறது. சிம்பிள் என்று முடிவானால் 'ஹி', 'ஷி', 'இட்' வரும் இடத்தில் வினையோடு 'எஸ்' சேர்ந்திருக்கிறதா பாருங்கள். கன்டினியூவஸ் என்றால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' விடுபடவில்லையே என்று பாருங்கள். தாளைக் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டுக்காக மட்டும் ஒரு வாசிப்பு ஒதுக்குங்கள்.