மானாமதுரைச் சக்கரத்தில் சாப்பாட்டுத் தட்டு

ஜனவரி 22

பொங்கல் பானை வேலை ஓய்ந்துவிட்டது. கார்த்திகை விளக்கில் தொடங்கி பொங்கல்வரை இங்கே யாருக்கும் நின்று பேச நேரம் கிடையாது. மதுரையில் உணவகம் திறக்கப்போகும் நண்பர் கேட்டவை தட்டையான தட்டு, குழம்புக் கிண்ணம், தண்ணீர்க் குவளை. நான் வரைந்து கொண்டுவந்த படங்களில், பானை வனையும் வேளார் அண்ணன் தட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“அகலம் எவ்வளவு தம்பி?”

“பதினோரு அங்குலம்ணே.”

“காயும்போது ஓரம் தூக்குமே.”

ஜனவரி 29

தூக்கியது. விளிம்பு முதலில் காய்ந்து சுருங்க, நடுவில் ஈரம் அப்படியே நிற்கிறது. சாக்குப் போட்டு மூடினால் ஓரளவு அடங்குகிறது. ஆனால் இந்த ஊர்க் கை வளைவுக்குப் பழகிய கை. சக்கரத்தில் எடுத்ததை, உள்ளே கல் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை உருட்டுகிறார்கள். கச்சேரியில் வாசிக்கும் கடம் பிறப்பதும் அப்படித்தான். கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாடமி விருதே கிடைத்தது. அந்தக் கையிடம் போய்த் தட்டையாகச் செய் என்று அடம்பிடிப்பானேன்?

பிப்ரவரி 5

அடுக்களையில் அக்கா மோர்ப்பானையைப் பிரிமணைமேல், அதுதான் பானை உருளாமல் தாங்கும் வளையம், வைத்திருந்தார். சரி, அதையே மண்ணில் செய்யலாமே! இப்போது தட்டு ஒன்பது அங்குலம், லேசான குழிவு, அடியில் ஒட்டிய மண் வளையம். சோறும் ரசமும் நடுவிலேயே நிற்கும். தட்டையான தட்டைவிட இதுதான் நம் சாப்பாட்டுக்குத் தோது.

பிப்ரவரி 13

சூளை பிரித்தோம். அவசரப்பட்டு ஆறவிட்டால் 573 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற படிகம் சட்டென்று சுருங்கி விரிசல் விடும். அண்ணனுக்கு அந்த எண் தெரியாது. சாம்பல் ஆறும்வரை யாரையும் கிட்டே விடமாட்டார்.

நண்பருக்குப் பளபளப்பான கிளேஸ், அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சு, வேண்டுமாம். மறுத்துவிட்டேன். இந்தச் சூட்டில் உருகும் கிளேஸ்களில் ஈயம் சேர்ந்தவை உண்டு, புளிக்குழம்பு அதை இழுத்துவிடும். காவி பூசிக் கூழாங்கல்லால் தேய்த்த மினுமினுப்பு போதும். குவளைக்கு அதுவும் வேண்டாம், நீர் கசிந்து ஆவியானால்தானே குளிரும்! சோப்புத் தண்ணீரில் ஊறப்போடக்கூடாது என்று உணவகத்தில் எழுதியே ஒட்டவேண்டும்.

பிப்ரவரி 16

உடைந்த மாதிரிகளுக்கும் கூலி உண்டு என்று நண்பரிடம் சண்டைபோட்டு வாங்கினேன். மெனு அட்டையில் உங்கள் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறேன் என்றேன் அண்ணனிடம்.

“போடுங்க தம்பி. வைக்கோல் விலை ஏறிப்போச்சு, முன்பணம் எப்ப வரும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”