தையல்நாயகி சந்நிதியில் பத்து நிமிடம்

சீர்காழியிலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் சுமார் 7 கிலோமீட்டரில் வைத்தீஸ்வரன்கோயில். பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். இத்தலத்து இறைவனைத் 'தீராநோய் தீர்த்தருள வல்லான்' என்று அப்பர் பாடினார். தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோய் உள்ள மகனை அழைத்து வரும் தாயின் காதில் அதில் முதல் பாதிதான் தங்கும். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

முதல் முறை வரும்போது பையனுக்கு ஐந்து வயது இருக்கலாம். தொடையில் கையை ஊன்றி எழுந்தாலும் பிராகாரத்தைச் சுற்றிவிடுவான். எட்டு வயதில் பாதியிலேயே தூணைப் பிடித்து நிற்பான். பெரும்பாலும் 10 முதல் 12 வயதுக்குள் சக்கர நாற்காலி வந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரை அதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும். தூணும் கொடிமரமும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். 'போன வருஷம் இதுவரைக்கும் நடந்தான்' என்று கண் தானாக அளக்கும். சில தாய்மார்கள் கோயிலுக்கு வருவதையே நிறுத்துவது இதனால்தான். சாமி மேல் நம்பிக்கை போய்விட்டது என்று உறவினர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இந்தத் துக்கம் ஒருமுறை வந்து ஆறிப்போகிற வகை இல்லை. படி ஏற முடியாத நாளில் ஒன்று, சோற்றுக் கை வாய்க்கு எட்டாத நாளில் ஒன்று, இரவில் மூச்சுக்கருவி வைக்கும் நாளில் ஒன்று என்று திரும்பத் திரும்பப் புதிதாக வரும். நடுவில் சிரித்த மாதங்களும் இருக்கும். 'இத்தனை வருஷமாகியும் மனசு தேறலையே' என்று தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. நோய் படிப்படியாக நகர்கிறது, அழுகையும் அதனோடு நகர்கிறது. அதனால் போன வருஷம் போன வழியிலேயே போக வேண்டாம். சுற்று முடிக்க வேண்டும் என்ற கணக்கும் வேண்டாம். இங்குள்ள முருகன் செல்வமுத்துக்குமாரசுவாமியின் சந்நிதியில் தொடங்கி அங்கேயே அரை மணி உட்கார்ந்தாலும் அது தரிசனம்தான்.

அங்காரகன், அதாவது செவ்வாய் கிரகத்தின் தலம் என்பதால் செவ்வாயிலும், முருகனுக்காகக் கிருத்திகையிலும் கூட்டம் நெரியும். வேறு நாளில், கல் சூடேறும் முன் காலையிலேயே வந்துவிடுங்கள். நிலைப்படி வந்தால் நாற்காலியைத் திருப்பி, பெரிய சக்கரங்களை முதலில் ஏற்றுங்கள். இறங்கும்போதும் அவைதான் முதலில். நாற்காலியோடு தூக்க வேண்டி வந்தால், உதவிக்கு வருபவர்கள் கை வைக்கும் தாங்கியையும் கால்தட்டையும் பிடிப்பார்கள். இரண்டும் கழன்று வரக்கூடியவை. அசையாத சட்டத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். பையனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. தோள் தசை பலமில்லாததால் வழுக்கிக் கீழே இறங்கிவிடுவான். ஒரு கை முதுகில், ஒரு கை முழங்காலுக்கு அடியில். விழுந்து அடிபட்டபின் மூச்சுத் திணறலோ பேச்சுக் குழப்பமோ வந்தால், எலும்பிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைத்திருக்கக்கூடும். உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பல பையன்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். சிறுநீர் பாட்டிலும் மறைப்புக்கு ஒரு வேட்டியும் பையில் இருந்தால் அந்தக் கவலை குறையும்.

கோயில் குளமான சித்தாமிர்தத் தீர்த்தத்தின் படிகள் ஈரமாக இருக்கும். தண்ணீரை மேலே கொண்டுவந்து தெளித்தால் போதும். உப்பும் மிளகும் காணிக்கை போடும்போது தட்டை அவன் மடிவரை இறக்குங்கள். அவன் கையைப் பிடித்து நீங்கள் போடுவதைவிட, இரண்டு மிளகானாலும் அவனே போடுவது நல்லது.

இங்கே மருந்தாகத் தரும் திருச்சாந்துருண்டை பிரசாதத்தை, விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு உருண்டையாகக் கொடுக்காமல் கரைத்து நாக்கில் தொட்டு வையுங்கள். 'சாமி மருந்து கொடுத்தாச்சு, இனி மாத்திரை எதுக்கு' என்று பாட்டி சொல்லலாம். ஸ்டீராய்டை ஒரு நாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது. மாதக்கணக்கில் சாப்பிட்ட உடம்பு தனக்கு வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு. பயணத்தில் வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டாலும் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பிள்ளைக்கு விரதம் வேண்டவே வேண்டாம்.

வெளியே வந்தால் தெரு முழுக்க நாடி ஜோதிடப் பலகைகள். 'தாய்வழிச் சாபம்' என்று ஓலையில் வந்தால் அது நேராகத் தாயின் நெஞ்சில் இறங்கும். இந்த நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, தாய் வழியாக மகனுக்கு வரலாம் என்பதை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு அது புதிதாக ஏற்பட்ட மாற்றம், தாயிடம் இருப்பதே இல்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளிடம் இருந்தாலும் அது தெரிந்து கொடுத்ததல்ல. பரிகாரத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். தனக்கு இருக்கிறதென்று தெரிந்தால் அக்கா தங்கைகளும் பார்த்துக்கொள்ளலாம், அவளும் தன் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அதை மரபணுவில் சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனப்படுவதுண்டு.

குற்ற உணர்ச்சிதான் பல தாய்மார்களை மண்சோற்றுக்கும் அங்கப்பிரதட்சணத்துக்கும் தள்ளுகிறது. வேண்டுதல் எங்கே முடிகிறது, தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்னும் பல வருஷம் பையனைத் தூக்க வேண்டிய முதுகு அது.

கடைசியாக, பையனை அப்பாவிடமோ மாமாவிடமோ விட்டுவிட்டு, தையல்நாயகி முன் தனியாகப் பத்து நிமிடம். இத்தலத்து இறைவன் வைத்தியநாதர் நோய் தீர்க்க வந்தபோது தைலப் பாத்திரத்தை ஏந்தி உடன் வந்தவள் இவள் என்கிறது தலபுராணம். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவளுக்கு இந்த அம்மனிடம் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. கோயிலில் அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வீட்டில் அந்த வசதி கிடையாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, 'நானும் அவனும் சேர்ந்தே போயிடலாம்' என்ற நினைப்பு வருகிறது என்றால், அம்மனிடம் சொன்னதை டாக்டரிடமும் சொல்ல வேண்டும். டெலி மானஸ் மனநல உதவியின் இலவச எண் 14416, எந்நேரமும் பேசலாம்.

திரும்பி வரும்போது பையன் கேட்பான்: 'சாமி என்னை நடக்க வைக்குமா?' நிச்சயம் என்று சொன்னால் அடுத்த வருஷம் பொய்யாகிவிடும். அழுதுவிட்டால் அவன் மறுபடி கேட்கவே மாட்டான். 'தெரியலடா கண்ணு. அம்மா கேட்டிருக்கேன். நீ என்ன கேட்ட?' என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை நாற்காலியைத் தள்ளாமல் நில்லுங்கள். கால்களைப் பற்றித்தான் கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் பக்கத்தில் உட்காருபவனைப் பற்றியும் இருக்கலாம்.