பர்த்தி, ஓஹோட்டி

2016 ஜூனில், மழை பிடித்த வாரம், தூத்துக்குடியிலிருந்து மும்பை செம்பூரில் மாமா வீட்டில் வந்து இறங்கினேன். சிவ்ரியில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதும் வேலை. தெரிந்த இந்தி மூன்றே சொல். கிடங்கில் எனக்குப் பெயர் ‘அண்ணா’. காலையில் சைக்கிளில் இட்லி கொண்டுவரும் தாராவிக்காரரும் அண்ணாதான். இந்த ஊரில் தமிழன் என்றால் வயசு பார்ப்பதில்லை.

ஆறு மாதம் ஊருக்குத் திரும்பிவிடும் நினைப்பிலேயே ஓடியது. ஜனவரியில் ஒரு மதியம் டிபன் பாக்ஸோடு படகுத்துறைப் பக்கம் போனேன். துருப்பிடித்த படகு, டீசல் வாடை, அதற்கு அப்பால் சேறு முழுக்க இளஞ்சிவப்பு. பூநாரைகள். சோறு ஆறிப்போனது.

இரண்டு மாதச் சம்பளத்தில் ஃபோர்ட் பகுதியில் பழைய கேமராவும் 70-300 லென்சும் வாங்கினேன். அடுத்த ஞாயிறு விடியற்காலையே போய் நின்றால், பறவைகள் அரை கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி புள்ளியாக நிற்கின்றன. எதிரே சூரியன். ஒரு படமும் தேறவில்லை. கிட்டே போகலாம் என்று இறங்கியதில் முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

என்னை இழுத்துப் போட்டவர் கோலி சமூகத்து மீனவர், ஒரு காகா, அதாவது மாமா வயசுக்காரர். சிரித்து முடித்துவிட்டு இரண்டு சொல் சொல்லிக்கொடுத்தார்: பர்த்தி, ஓஹோட்டி. கடல் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும், நம் ஊர்க்காரர் ஏற்றம், வற்றம் என்பது. தண்ணீர் ஏற ஏறப் பறவையே கரைக்கு நடந்து வரும், நீ ஏன் போகிறாய் என்றார். நான் மராத்தி கற்றது இப்படித்தான்.

ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் பிந்தும். ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம் தள்ளிவிடும். ஆக, இந்த ஞாயிறு மதியம் தண்ணீர் நிறைந்திருந்தால் அடுத்த ஞாயிறு அதே நேரம் வெறும் சேறு. சிவ்ரி கிழக்கே பார்த்த கரை, அதனால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வருவதும் மதியத்துக்கு மேல்தான். இரண்டு ஞாயிற்றுக்கு ஒன்றுதான் எனக்கு. மாமி காலண்டரில் அமாவாசை பார்ப்பார், நான் அதே காலண்டரில் ஓதம் பார்ப்பேன்.

அப்படி ஒருநாள் முப்பது அடியில் ஒன்று வந்து நின்றது. சிறு பூநாரை, அலகு அடர்ந்த சிவப்பு. தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அரித்துக்கொண்டே நகர்ந்தது. மாவு சலிப்பது மாதிரி, அவ்வளவு பொறுமை. பாசியைத் தின்று தின்றுதான் அந்த நிறம் ஏறுகிறது. நான் படம் எடுக்க மறந்தேன். அன்றைக்குத்தான் வேலையை விடுவது என்று முடிவானது.

காட்டுயிர்ப் படம் என்றால் ஜீப், புலி என்றுதான் பலருக்கு நினைப்பு. நான் லோக்கல் டிரெயினில் போகிறேன். தாணே கடற்கழியை 2015இல் பூநாரைச் சரணாலயம் ஆக்கினார்கள். 2022இல் ராம்சார் பட்டியலிலும், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலிலும், சேர்ந்தது. இடையில் சிவ்ரியிலிருந்து அடல் சேது என்ற கடல் பாலம் கட்டும் வேலை தொடங்கியதும் நான் அதே கடற்கழியில் பாண்டுப் என்ற இடத்துப் பக்கம் மாறிக்கொண்டேன். வாடகை கொடுப்பதென்னவோ மாட்டுங்கா கல்யாணப் படங்கள்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. “காக்கா குருவியப் படம் புடிக்கவால பம்பாய்க்குப் போன?” ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். “இது நம்ம உப்பளத்துல வந்து நிக்குமே, நீ பாத்ததில்லயா?”

இல்லை. பத்து வருஷம் அளத்து ரோட்டு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

அந்தப் பொங்கலுக்கு லென்சைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். வரப்பில் குத்தவைத்திருந்த என்னைப் பார்த்து உப்பு வாரிக்கொண்டிருந்தவர் கேட்டார், “எந்த ஊருப்பா?”

செம்பூர் என்று வாயில் வந்துவிட்டது.